போக முடியாமல் போனாலும் போகலாம்

தம்பி பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கிளம்பியிருந்தான். தஞ்சாவூரில் வீடு. விடிந்துவிட்டது. அம்மா அடுப்படியில் ஃபில்டரைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "மணி ஆறரை. இந்நேரம் வந்திருக்கணும்."

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து போய் கேட்டைத் திறந்தார். தெருவில் பால்காரரைத் தவிர ஆளில்லை.

"எங்க, யாரையும் காணோம்?"

"வந்திருக்கணும்னுதானே சொன்னேன்? வந்துட்டான்னா சொன்னேன்?"

"வந்திருக்கணும்னா வந்துட்டான்னுதான அர்த்தம்?"

காபி ஆறும்வரை இந்தச் சண்டை ஓடியது. எனக்கு ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. அம்மா சொன்னது, வர வேண்டிய நேரம் தாண்டியும் காணோமே என்ற கவலை. அப்பா கேட்டது, கணக்குப்படி வந்து சேர்ந்திருப்பான் என்ற ஊகம். ஒன்றில் தம்பி இன்னும் வரவில்லை, இன்னொன்றில் வந்துவிட்டான். ரெண்டுக்கும் தமிழில் ஒரே வினைதான். அம்மா கடைசியில் ஒரு ஏகாரம் போட்டு "வந்திருக்கணுமே" என்று இழுத்திருந்தால் அப்பா பேப்பரை மடித்திருக்க மாட்டார்.

பிழைப்புக்கு நான் மொழிபெயர்ப்பு செய்கிறேன். விண்ணப்பங்கள், விதிமுறைகள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்கள். கதை, கவிதை எதுவும் இல்லை. இந்த வேலையில் கஷ்டமான கலைச்சொற்கள் யாரையும் கவிழ்ப்பதில்லை, அவற்றுக்கு அகராதி இருக்கிறது. கவிழ்ப்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில் நிற்கும் சின்னச் சொற்கள்தான்: வேண்டும், கூடும், முடியும், -லாம். ஒன்று தனியாக வந்தால் சமாளித்துவிடலாம். ரெண்டு மூன்று சேர்ந்து வரும்போதுதான் வினையே.

முதலில் '-லாம்' ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், அதுவே போதுமான அளவு குறும்பு செய்யும். 'வரலாம்' என்றால் என்ன? அனுமதி: உள்ளே வரலாம். ஊகம்: மழை வரலாம். யோசனை: நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கேட்கிறவர் குழம்புவதே இல்லை, ஏனென்றால் பக்கத்தில் நிற்கும் சொல் பஞ்சாயத்து பண்ணிவிடுகிறது. "ஒருவேளை வரலாம்" என்றால் ஊகம்தான். "தாராளமா வரலாம்" என்றால் அனுமதிதான். "கண்டிப்பா வரலாம்" என்று சொல்லிப் பாருங்கள், ஊகம் ஓடிப்போய்விடும். கண்டிப்பாக ஒருத்தர் ஊகிக்க முடியாதே. 'ஒருவேளை', 'லாம்' ரெண்டும் சந்தேகச் சொற்கள்தான். ஆனாலும் சேர்ந்து வரும்போது சந்தேகம் ரெட்டிப்பாவதில்லை, ஒன்றுக்கொன்று ஒத்துப் பாடுகின்றன. மொழியியலில் இந்த ஒத்துப்பாட்டைத் தனியாகவே ஆராய்கிறார்கள்.

கேள்வியாக்கினால் இன்னும் வேடிக்கை. "மழை வரலாம்" சரி. "மழை வரலாமா?" என்று கேட்டால், மழை நம்மிடம் அனுமதி கேட்டு வாசலில் நிற்பதுபோல ஆகிவிடுகிறது. அல்லது கல்யாண மண்டபத்துக்காரர் வானத்தைப் பார்த்து "இப்படிப் பண்ணலாமா?" என்று நியாயம் கேட்பதுபோல. ஊகம் கேட்க வேண்டுமென்றால் "மழை வருமா?" என்று வேறு வழியில்தான் போக வேண்டும். ஊக லாம், கேள்விக்குள் நுழைய மறுக்கிறது.

ஆளை மாற்றினாலும் பொருள் மாறுகிறது. "அவர் சொல்லியிருக்கலாம்" என்றால் சொன்னாரோ என்னவோ என்ற ஊகமாக எடுக்கலாம். "நீ சொல்லியிருக்கலாம்" என்றால் தொண்ணூறு விழுக்காடு சண்டை ஆரம்பம். எதிரில் நிற்பவர் சொன்னாரா இல்லையா என்று அவருக்கே தெரியும்போது அவரிடமே ஊகிப்பதில் என்ன இருக்கிறது? அதனால் மிச்சமிருக்கும் ஒரே பொருள், குறை.

அப்படியானால் ஒரு சொல்லுக்கு மூன்று பொருளா, ஒரே பொருள்தானா? ஆங்கெலிக்கா கிராட்சர் என்ற மொழியியலாளர் 1977-ல் இதற்கு ஒரு பதில் சொன்னார். என் பாஷையில் சொன்னால்: சொல்லுக்குப் பொருள் ஒன்றுதான், அது நிற்கும் பின்னணி மாறுகிறது. விதிகளை வைத்துப் பார்த்து 'இடமுண்டு' என்றால் அனுமதி. தெரிந்த தகவலை வைத்துப் பார்த்து 'இடமுண்டு' என்றால் ஊகம். இடமுண்டு என்பது மாறவில்லை. எங்கள் வீட்டு வழக்குக்கும் இது பொருந்துகிறது. அம்மா பஸ்ஸின் கால அட்டவணையை விதியாக எடுத்துக்கொண்டாள், அப்பா அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். 'வேண்டும்' ஒன்றுதான்.

சரி, இவை ஒன்றோடொன்று சேரும்போது என்ன நடக்கிறது?

இதற்கு வெளிநாட்டு ஆசாமி யாரும் தேவையில்லை, பள்ளியில் மனப்பாடம் செய்த ரெண்டு சொல் போதும்: முற்று, எச்சம். வேண்டும், கூடும், முடியும் மூன்றும் 'செய்யும்' என்ற வாய்பாட்டில் வந்த வினைமுற்றுகள். '-லாம்' கூட அப்படித்தான். 'செய்யல்' என்ற தொழிற்பெயரோடு 'ஆம்' சேர்ந்து 'செய்யலாம்' ஆனது. அந்த ஆம், ஆகும் என்பதன் சுருக்கம். இதனால்தான் நான், நீ, அவர்கள் யாராக இருந்தாலும் இவை உருமாறுவதில்லை. நான் வரலாம், அவர்கள் வரலாம். முற்று என்றால் முடிந்தது. முடிந்த ஒன்றின் தலையில் இன்னொன்றை ஏற்ற முடியாது. 'வரலாம் வேண்டும்' என்று எந்தக் குழந்தையும் தப்பாகக்கூடச் சொல்வதில்லை. ஏற்ற வேண்டுமென்றால் கீழே இருப்பதை முதலில் எச்சமாக்க வேண்டும், அதாவது 'வர', 'வந்து' போல இன்னொரு சொல்லுக்குக் காத்து நிற்கும் உருவமாக. எச்சமாக மாறத் தெரிந்த சொல் உள்ளே போகும். தெரியாத சொல் வாசலிலேயே நிற்கும்.

யார் யாருக்கு எச்சமாக மாறத் தெரியும் என்று பாருங்கள்.

முடியும் நல்ல பிள்ளை. 'முடிய' என்று மடங்கிக்கொடுக்கும், அப்போதும் தன் பொருளை விடாது. "கடைசி பெஞ்சில் இருப்பவராலும் படிக்க முடிய வேண்டும்." திறன் உள்ளே, கட்டாயம் வெளியே.

வேண்டும் கொஞ்சம் வம்பு. 'வேண்ட' என்று அதை மடக்கினால் கட்டாயத்தை உதறிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடும். 'வேண்ட முடியும்' என்றால் சாமியிடம் கேட்க முடியும் என்றுதான் பொருள். ஆனால் 'வேண்டி' என்ற வினையெச்சத்தில் கட்டாயம் தங்குகிறது. அதனால் 'போக வேண்டியிருக்கலாம்', 'போக வேண்டி வரலாம்'.

கூடும் என்பதை மடக்கினால் 'கூட'. அவ்வளவுதான், அது வேறு ஆளாகிவிடும். 'வரக்கூட முடியவில்லை' என்பதில் ஊகமும் இல்லை, மண்ணும் இல்லை. மற்றதெல்லாம் கிடக்கட்டும், வருவதே முடியவில்லை என்று பொருள்.

லாம் சுத்தமாக மடங்காது. எச்சமே கிடையாது. 'பார்க்க வேண்டிய படம்' உண்டு, 'பார்க்கக்கூடிய படம்' உண்டு, 'பார்க்கலா... படம்' கிடையாது. உள்ளே போயே தீர வேண்டுமென்றால் 'என்று' போட்டு மேற்கோளாகத்தான் போகும்: வரலாமென்று, வரலாம்னா.

இதிலிருந்து ஒரு வரிசை தானாக அமைகிறது. வினைக்குப் பக்கத்தில் திறன், அதற்கு வெளியே கட்டாயம், எல்லாவற்றுக்கும் வெளியே ஊகம். 'போக வேண்டியிருக்கலாம்' என்றால், போகும் கட்டாயம் ஒன்று இருக்கிறதோ என்று ஊகிக்கிறேன். கடைசியில் நிற்கும் சொல் பேசுகிறவருடைய மனசு, உள்ளே இருப்பவை போகிறவருடைய பாடு. ஆங்கிலத்திலும் இதே வரிசைதான். அங்கே 'கேன்', 'மஸ்ட்' போன்றவை ஒன்றின்மேல் ஒன்று ஏறாது, உள்ளே போக வேறு சொற்களை வாடகைக்கு எடுக்கின்றன. அமெரிக்காவின் தென்பகுதி, ஸ்காட்லாந்து போன்ற சில இடங்களில் மட்டும் 'மைட் குட்' என்று ஊகத்தையும் திறனையும் சேர்த்துப் பேசுகிறார்கள், பள்ளிக்கூட ஆங்கிலம் முகம் சுளித்தாலும். அவர்களும் ஊகத்தைத்தான் வெளியே வைக்கிறார்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். "போக முடியாமல் போனாலும் போகலாம்." மூன்று 'போ' இருக்கிறது. முதல் போ மட்டும்தான் உண்மையாகவே எங்கோ போகிறது. ரெண்டாவது, 'முடியாமல் போவது', நடக்காமல் நழுவிவிடுவது. மூன்றாவது, ரெண்டாவதன் நிழல். இந்த 'வந்தாலும் வரலாம்', 'பெய்தாலும் பெய்யலாம்' என்ற அடுக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெறும் 'வரலாம்' அனுமதியாகவும் இருக்கலாம் என்று பார்த்தோமே, 'வந்தாலும் வரலாம்' என்று சொன்ன மாத்திரத்தில் அனுமதி உதிர்ந்துவிடுகிறது. யாரும் மேலதிகாரி அறை வாசலில் நின்று "உள்ளே வந்தாலும் வரலாமா சார்?" என்று கேட்பதில்லை. வினையை ஒருமுறை கூடுதலாகச் சொல்வதிலேயே பொருளைத் தெளிவாக்கும் ஏற்பாடு. இலக்கணப் புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கினாலும் தகும்.

காலம் எங்கே உட்காருகிறது என்பதும் இந்த அடுக்கில்தான் தெரியும். 'காத்திருக்க வேண்டியிருந்தது' என்றால் கட்டாயம் இறந்தகாலத்தில் இருந்தது, நானும் காத்திருந்தேன், கால் வலித்தது. 'காத்திருந்திருக்க வேண்டும்' என்றால் காத்திருப்புதான் இறந்தகாலம், தீர்ப்பு இப்போது சொல்கிறேன். அவர் காத்திருக்காமல் போனது தப்பு என்றோ, முகத்தைப் பார்த்தால் ரொம்ப நேரம் காத்திருந்தவர்போல் தெரிகிறது என்றோ. அதே இரு, அதே வேண்டும், இறந்தகாலம் வேண்டும் என்பதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் வித்தியாசம்.

இதுவரை சொன்னது விளையாட்டு. இனி நான் மாட்டிக்கொண்ட கதை.

சில வருஷங்களுக்கு முன்னால் மருத்துவ ஆய்வு ஒன்றுக்கான ஒப்புதல் படிவம் வந்தது. ஆய்வில் சேரும் நோயாளி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் தாள். இந்த மாதிரிப் படிவங்களைத் தமிழாக்கியபின், மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்பவும் ஆங்கிலமாக்கச் சொல்வார்கள். ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே சறுக்கியது என்று தெரிந்துவிடும். மூலத்தில் முதல் பத்தியிலேயே, ஆய்வில் சேர்வது உங்கள் விருப்பம், சேர்ந்தே ஆக வேண்டும் என்றில்லை என்ற பொருளில் ஒரு வரி. ராத்திரி பதினொன்றரை மணி, நான் எழுதினேன்: "நீங்கள் இந்த ஆய்வில் பங்கேற்க வேண்டாம்."

திரும்பி வந்த ஆங்கிலத்தில் அந்த வரி, 'இந்த ஆய்வில் பங்கேற்காதீர்கள்' என்று இருந்தது. முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் காது சூடானது. 'வேண்டும்' என்பதற்கு எதிர்மறை 'வேண்டாம்' என்று கை பழகியிருக்கிறது. ஆனால் 'வேண்டாம்' கட்டாயத்தை மட்டும் நீக்குவதில்லை, மெல்ல ஒரு தடையையும் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. "எனக்குக் காபி வேண்டாம்" என்றால் காபி கட்டாயமில்லை என்றா பொருள்? கட்டாயத்தை மட்டும் கழற்ற வேண்டுமென்றால் 'பங்கேற்க வேண்டியதில்லை'. இன்னும் சந்தேகமில்லாமல் சொன்னால் 'பங்கேற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை'. இல்லை என்பது வேண்டும் என்பதற்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே போய்விட்டால், 'பங்கேற்காமல் இருக்க வேண்டும்', அது தடை.

அதே படிவத்தில் இன்னொரு வரி. இந்த ஆய்வினால் உங்களுக்குப் பலன் கிடைக்காமலும் போகலாம் என்று எச்சரிக்கும் வரி. ஆங்கிலத்தில் 'மே நாட்'. எனக்கு உதவியாக நிறுவனம் அனுப்பியிருந்த இயந்திர வரைவில் அது எப்படி இருந்தது தெரியுமா? "நீங்கள் இந்த ஆய்வினால் பயனடையக் கூடாது." நோயாளிக்கு இதைவிடக் கொடுமையான ஒரு கட்டளையை யோசித்துக்கூட எழுத முடியாது. என் தப்புக்குக் கொஞ்சம் ஆறுதல் அந்த வரிதான்.

ஆனால் இயந்திரத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை. குழி நம் மொழியிலேயே இருக்கிறது. 'கூடும்' என்றால் ஊகம்: வரக்கூடும். அதற்கு எதிர்மறை 'கூடாது', ஊகத்தின் எதிர்மறையாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை, அது தடை: வரக்கூடாது. 'கூடிய' என்று பெயரெச்சமானால் மூன்றாவது முகம், இயல்பு: உடையக்கூடிய பாத்திரம். ஒன்றுசேர்தல் என்ற ஒரே வேரிலிருந்து மூன்று பிள்ளைகள், மூன்றும் ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாமல் குடியிருக்கின்றன. 'லாம்' இன்னும் மோசம், இன்றைய பேச்சில் அதற்கு எதிர்மறை வடிவமே கிடையாது. "உள்ளே வரலாம்" என்ற அனுமதியை மறுக்க அது கூடாதுவிடம் கடன் வாங்குகிறது. "மழை வரலாம்" என்ற ஊகத்தை மறுக்க 'வராமல் போகலாம்' என்று வினையையே எதிர்மறையாக்குகிறது. எந்த லாம் என்று தெரியாமல் அதற்கு எதிர்ப்பதம் எழுத முடியாது. பள்ளியில் 'எதிர்ச்சொல் எழுதுக' என்று கேட்டவர்கள் இதைக் கேட்காமல் விட்டதற்கு நன்றி.

கல்யாணப் பத்திரிகை வைக்க வரும் அத்தைகள் இந்த இடத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். "வராம இருந்துடக் கூடாது, ஆமா!" வினைக்கு ஒரு எதிர்மறை, கூடும் என்பதற்கு ஒரு எதிர்மறை, கழித்துப் பார்த்தால் 'வர வேண்டும்'. ஆனால் 'வரணும்' என்பது அழைப்பு, 'வராம இருந்துடக் கூடாது' என்பது அழைப்போடு சேர்த்து ஒரு சின்ன மிரட்டல். தர்க்கத்தில் ரெண்டும் சமம், குங்குமச்சிமிழ் நீட்டும் நேரத்தில் இல்லை.

எதிர்மறை என்றதும் 'மாட்டேன்' பற்றிச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. இந்தக் கூட்டத்தில் அது மட்டும் ஆளுக்கு ஆள் உருமாறும்: மாட்டேன், மாட்டாய், மாட்டார்கள். இன்றைய தமிழில் அது மட்டும்தான் எதிர்மறையிலேயே வாழ்கிறது. 'மாட்டுவேன்' என்றால் சட்டையை ஆணியில் மாட்டுவேன். பழைய தமிழில் இது இயலாமையைக் குறித்த சொல். "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்ற பழமொழியில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவள் ஆட மறுக்கவில்லை, அவளுக்கு ஆட வரவில்லை. இன்று மாட்டேன் என்றால் மனசில்லை. அதே திசையில் இப்போது 'முடியாது' நகர்ந்துகொண்டிருக்கிறது. "என்னால வர முடியாது" என்பது இன்னும் இயலாமைதான். ஆனால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு "முடியாது போ" என்று சொல்லும் பிள்ளைக்கு எல்லாம் முடியும்.

என் ஸ்கூட்டர் மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. இந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: 'மாட்டேன் என்கிறது'. தன்மை ஒருமை. ஸ்கூட்டரே வாய் திறந்து, நான் மாட்டேன் என்று என்னிடம் சொல்கிறது. கதவு திறக்க மாட்டேங்குது, பேனா எழுத மாட்டேங்குது. மடங்கத் தெரியாத முற்றை உள்ளே கொண்டுபோக 'என்' என்ற மேற்கோள் வாசல்தான் வழி என்று லாம் விஷயத்தில் பார்த்தோமே, அதே வாசல். அவசரத்தில் அந்த வாசல் வழியாகப் போனதில், உயிரில்லாத சாமான் எல்லாம் பிடிவாதக்காரர்கள் ஆகிவிட்டன.

ஊருக்கு ஊர் இந்தச் சொற்கள் மாறுவது தனிக் கதை. கொங்குப் பக்கம் 'வரோணும்'. இலங்கையில் 'ஏலாது'. மலையாளத்துக்காரர் ஒருவரோடு ஒரு வேலை செய்தேன். கூட்டத்துக்கு "ஞான் வராம்" என்றார். நம் காதுக்கு அது 'வரலாம்' போலக் கேட்கிறது, ஏதோ யோசித்துச் சொல்கிறார் என்று நினைத்து வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டேன். மலையாளத்தில் அந்த 'ஆம்' வாக்கு. வருகிறேன் என்று கொடுத்த சொல். அவர் சரியாகப் பத்து மணிக்கு வந்து நின்றார், ஏற்கெனவே நாற்காலியில் இன்னொருவர்.

படிவத்தின் அந்த ரெண்டு வரிகளைத் திருத்தி அனுப்பியபின் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. 'வேண்டாம்', 'கூடாது' எங்கே வந்தாலும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன், பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து கேட்பதுபோல. பெரும்பாலும் காது கண்டுபிடித்துவிடும்.

போன வாரம் அம்மா போன் செய்தாள்.

"பொங்கலுக்கு வர்றியா?"

"வேலை குவிஞ்சு கிடக்குதும்மா. வர முடியாமப் போனாலும் போகலாம்."

ஒரு நிமிஷம் பேச்சில்லை. அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"வர முடியாதுன்னு சொல்லலையே?"

"சொல்லலை."

"சரி, அரை லிட்டர் பால் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்."